நிலத்தடி நீரைக் காக்கப் போய் நவம்பர் புகை: பஞ்சாபை முன்வைத்து முறைமைச் சிந்தனை பற்றி ஒரு விவாதம்

வடவயல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நீர், உணவு, காற்று, காலநிலை என்று ஆளுக்கொரு துறையாகப் பிரித்துக்கொண்டு ஆய்வு செய்கிறோம். தீர்வுகளையும் அப்படியே தனித்தனியாகச் சொல்கிறோம். இதில் எங்கே சறுக்குகிறோம் என்று பேசத்தான் இந்த இழை. முறைமைச் சிந்தனை என்று நான் சொல்வது, பாகங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவை ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று சேர்த்துப் பார்ப்பதை. உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தால் எதுவும் பிடிபடாது. எனக்கு ஓரளவு நன்றாகத் தெரிந்த ஒரே இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: பஞ்சாப்.

பஞ்சாபியர் அன்றாடம் உண்பது ரொட்டி. 1960-களின் தொடக்கத்தில் அங்கே நெல் விளைந்த பரப்பு மூன்று லட்சம் ஹெக்டேருக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். அந்த நெல் மத்தியத் தொகுப்புக்கும், அங்கிருந்து பிற மாநில ரேஷன் கடைகளுக்கும் போகிறது. அரசு உறுதியான விலைக்கு வாங்குகிறது, 1997 முதல் பம்புக்கு மின்சாரம் இலவசம். ஏறத்தாழ 14 லட்சம் மின் ஆழ்குழாய்க் கிணறுகள் ஓடுகின்றன. ஆண்டுதோறும் நிலத்துக்குள் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் உறிஞ்சுகிறார்கள். புவியீர்ப்பில் நேரும் சிறு மாற்றங்களை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்களை வைத்து 2009-இல் வந்த ஆய்வின்படி, 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி வட்டாரம் இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். மேட்டூர் அணை நாற்பது முறை நிரம்பக்கூடிய நீர் அது.

2009-இல் பஞ்சாப் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மே 10-க்கு முன் நாற்று விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடக்கூடாது. கொதிக்கும் மே மாத வெயிலில் வயலில் நீர் கட்டினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். நடவைப் பருவமழையை ஒட்டித் தள்ளிவைத்தால் அவ்வளவு நீர் மிச்சம். நீரியலாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாத யோசனை. ஹரியானாவும் அதே ஆண்டு பின்பற்றியது.

நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். கோதுமை விதைப்பு தள்ளாது, ஏனென்றால் நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டி விதைத்தால் மார்ச் மாதச் சூடு மணி பிடிக்கும் நேரத்தில் வந்து அடிக்கும். இடையில் கிடைத்த அவகாசம் இரண்டு மூன்று வாரமாகச் சுருங்கியது. அதற்குள் நெல் தாளை, அதாவது அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் தண்டையும் வைக்கோலையும், அகற்ற ஒரு தீக்குச்சியே மலிவான வழி. அதே வாரங்களில்தான் வட இந்தியச் சமவெளியில் காற்று ஓய்ந்து, குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, எழும் புகை மேலே போகாமல் நிற்கிறது.

நீரைப் பற்றிய சட்டம் காற்றில் வந்து முடிந்தது. நீரியலாளர் யாரும் தவறாகக் கணக்குப் போடவில்லை. அவர்கள் கணக்கேட்டில் அக்டோபர் மாதமும் இல்லை, டெல்லியும் இல்லை. ஆய்வின் எல்லையைத் துறை தீர்மானிக்கக் கூடாது, சிக்கல்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

அளவுகோல்

நன்றாகச் சொன்னீர்கள். ஆனாலும் எனக்கு இந்த முறைமைச் சிந்தனை என்றாலே ஒரு தயக்கம் உண்டு. பெட்டி வரைந்து, அம்புக்குறி போட்டு, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்துவிட்டால் நடந்து முடிந்த எதையும் விளக்கிவிடலாம். பொய்யென்று காட்ட வழியில்லாத விளக்கம் எனக்கு வேண்டாம்.

இதிலேயே பாருங்கள். பஞ்சாபில் தாள் எரிப்பு 2009-இல் பிறந்ததா? 1980-களில் அறுவடை இயந்திரம் பரவியபோதே எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். முற்ற நீண்ட நாள் பிடிக்கும் பூசா 44 போன்ற நெல் ரகம் 1990-களில் வந்தது. நீங்கள் சொல்லும் சட்டத்தை எடுத்துவிட்டால் புகை போய்விடுமா? போகாது என்றால் உங்கள் அம்புக்குறிக்கு என்ன எடை?

---

வடவயல்

> உங்கள் அம்புக்குறிக்கு என்ன எடை?

இதைத்தான் கேட்கவேண்டும் என்று காத்திருந்தேன். சட்டம் தீயை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தீயின் தேதியை அது மாற்றியது. இது பொய்யென்று காட்டக்கூடிய கூற்று. சட்டத்துக்கு முந்திய ஆண்டுகளிலும் பிந்திய ஆண்டுகளிலும் செயற்கைக்கோள் படத்தில் தீ தென்பட்ட இடங்களை, அதாவது தீப்புள்ளிகளை, நாள்வாரியாக அடுக்கினால் உச்சம் நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். 2019-இல் நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் வந்த ஆய்வு அதைச் செய்தது. தீ நவம்பர் தொடக்கத்துக்கு நகர்ந்தது, உச்சத்தின் கடுமை 39 விழுக்காடு கூடியது, அதனால் நுண்துகள் மாசு ஏறத்தாழ 30 விழுக்காடு வரை உயர்ந்தது என்பது அதன் முடிவு. அதே வைக்கோலை அக்டோபர் தொடக்கத்தில் எரித்தால் காற்று ஓரளவாவது அள்ளிப்போகும்.

அம்புக்குறி போடுவதோடு நின்றுவிடும் ஆய்வுகள் நிறைய இருக்கின்றன, உங்கள் எரிச்சல் நியாயமானது. அம்புக்குறியின்மேல் மூன்று செய்திகள் எழுதியிருக்கவேண்டும் என்பேன்: எவ்வளவு, எத்தனை நாள் கழித்து, எந்த நிலையைத் தாண்டினால். இவை இல்லாத வரைபடத்தைச் சுவரில் மாட்டலாம், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

---

திருவாரூர்க்காரன்

ஐயா, ஓர் ஐயம். எங்கள் டெல்டாவிலும் இப்போது ஆளை விட்டு அறுப்பது அரிது. ஈரம் காயாத வயலென்றால் பெல்ட் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. வண்டி போன பின் வைக்கோல் வரிசையாகக் கிடக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து உருட்டி உருட்டிக் கட்டாகப் போட்டுவிட்டுப் போகும். கட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மழையில் நனைந்து கறுத்துப்போனால்தான் அது வீண். இங்கேயும் எரிப்பவர்கள் உண்டு, ஆனால் வானம் இருளும் அளவுக்கு இல்லை. இயந்திரம் ஒன்று, பயிர் ஒன்று. விளைவு மட்டும் ஏன் வேறு?

---

வடவயல்

அருமையான கேள்வி. டெல்டாவில் வைக்கோலுக்கு மாடு காத்திருக்கிறது. பஞ்சாபில் மாட்டுக்குத் தவிடு போலப் பொடித்த கோதுமை வைக்கோல் இருக்கிறது. பாசுமதி அல்லாத நெல்லின் வைக்கோலில் சிலிக்கா மிகுதி, மாடு விரும்பாது என்று அங்கே பலரும் அதைத் தீவனமாகச் சேர்ப்பதில்லை. உங்கள் ஊரில் அறுவடைக்குப் பின் உளுந்தோ பயறோ ஈரத்திலேயே தெளித்துவிடலாம். அவர்களுக்கு நிலத்தைச் சுத்தமாக்கிக் கோதுமை விதைத்தாகவேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 25 கிலோ சாம்பல்சத்து, ஐந்தரை கிலோ தழைச்சத்து இருப்பதாக வேளாண் கணக்குகள் சொல்கின்றன. எரித்தால் தழைச்சத்து பெரும்பாலும் போய்விடும். அதை ஈடுகட்ட மறுபடியும் யூரியா மூட்டை. அந்த யூரியா தயாராவது இயற்கை எரிவாயுவிலிருந்து. புகையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம், இப்போது உர இறக்குமதியில் நிற்கிறோம்.

---

வன்னிமண்

உரம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். வடவயல் அண்ணா சொன்ன "எவ்வளவு, எத்தனை நாள் கழித்து" என்பதற்கு எங்கள் நாடு கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. தடை போட்டவர்கள் தொடர்புகளைப் பார்க்காதவர்கள் அல்லர். பசளையால் மண் கெடுகிறது, நீர் கெடுகிறது, உலர்வலயத்தில் சிறுநீரக நோய் பெருகுகிறது, அந்நியச் செலாவணி கரைகிறது என்று எல்லாவற்றையும் இணைத்துத்தான் பேசினார்கள். சிறுநீரக நோயின் காரணம் இன்னும் அறுதியாக நிறுவப்படவில்லை, அது வேறு கதை. பேச்சில் இணைப்பு இருந்தது. கணக்கில் அளவு இல்லை. நாட்டின் வயல்களுக்குத் தேவையான தழைச்சத்தைத் தரும் அளவுக்குக் கூட்டெரு எங்கே இருக்கிறது, அதைச் செய்ய எத்தனை போகம் ஆகும், பல தலைமுறையாக யூரியாவுக்குப் பழகிய மண் மாறுவதற்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போக (எங்கள் முதன்மைச் சாகுபடிப் பருவம்) விதைப்பு நடந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு, கப்பலில் அரிசி வாங்கியது. எங்கள் பகுதியில் கமக்காரர்கள் வயலில் இறங்கி, மஞ்சளாகிப்போன பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். வெளிறிய இலை நுனியைக் கிள்ளிக் காட்டி, "இதற்கு இப்போது பசளை வந்தாலும் பயனில்லை" என்றார் ஒருவர். பயிர் பக்கக்கிளை விடும் வாரம் கடந்துவிட்டது. தாமதம் என்றால் அதுதான்.

ஆகவே "எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

---

வடவயல்

வன்னிமண், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் சுற்றிவளைத்துச் சொல்ல வந்ததை நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள். இருப்பு என்ன, அதற்குள் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு, மாற எவ்வளவு காலம் என்ற நான்கையும் கேட்காத முறைமைச் சிந்தனை வெறும் ஆசைதான்.

---

அளவுகோல்

இந்தப் பக்கம் வந்ததற்கு நன்றி, இது என் பேட்டை. பஞ்சாபுக்குத் திரும்புகிறேன். தீப்புள்ளி எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சில ஆண்டுகளாகச் செய்தி வருகிறது. அந்த எண்ணை எடுக்கும் செயற்கைக்கோள்கள் அந்த வட்டாரத்தின்மேல் கடப்பது பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி. மாலை நான்கு மணிக்கு மேல் எரித்தால் அந்தக் கண்ணில் படாது. 2024-இல் ஒரே வட்டாரத்தை எப்போதும் பார்த்தபடி நிற்கும் கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த படங்களைப் பார்த்தவர்கள், எரிப்பு மாலையை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டினார்கள்.

இது வெறும் அளவைப் பிழை என்று விட்டுவிடலாகாது. அந்த எண்ணை வைத்து அபராதம் போடுகிறோம். போட்டதும் எரிக்கும் நேரம் நகர்கிறது. நகர்ந்ததும் எண் குறைகிறது. எண் குறைந்ததும் கொள்கை வென்றது என்று அறிக்கை வருகிறது. ஆய்வாளரின் அளவுகோலே அமைப்புக்குள் ஒரு பாகமாகிவிட்டது. கருகிய நிலப்பரப்பையும் டெல்லியின் நுண்துகளையும் சேர்த்துப் பார்க்காமல் தீப்புள்ளியை மட்டும் வைத்து ஆய்வேடு எழுதுகிறவர்களை இனி நான் நம்பமாட்டேன். இந்த அளவுக்கு உங்கள் கட்சிக்கு வருகிறேன், இதற்குமேல் இல்லை.

---

புதுஏடு

நான் முனைவர் பட்டத்துக்கு இந்த ஆண்டுதான் சேர்ந்திருக்கிறேன். நீர், ஆற்றல், உணவு மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஏதாவது செய்ய ஆசை. என் நெறியாளர், "ஒரு மாறியை எடு, ஒரு மாவட்டத்தை எடு, முடி" என்கிறார். இந்த இழையைப் படித்தால் வயலில் தொடங்கி யூரியா, எரிவாயு, உலகச் சந்தை என்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லையைச் சிக்கல் தீர்மானிக்கட்டும் என்கிறீர்கள். சிக்கலுக்கு எல்லையே இல்லையென்றால் நான் எங்கே நிறுத்துவது?

---

வடவயல்

புதுஏடு, உங்கள் நெறியாளர் சொல்வதில் பாதி சரி. மாவட்டம் ஒன்றாக இருக்கட்டும். மாறி மட்டும் ஒன்றாக இருக்கவேண்டாம்.

நான் கைக்கொள்ளும் வழி இது. முதலில் நடுவில் ஓர் இருப்பை வைப்பேன். இங்கே நிலத்தடி நீர்மட்டம். அதைத் தொடும் முடிவு யாருடையது என்று கேட்பேன். பம்பை முடுக்குகிறவருடையது. அவர் ஏன் முடுக்குகிறார் என்று வயலுக்குப் போய்ப் பார்ப்பேன். அங்கே ஒரு காட்சி உண்டு: பல பம்புகளில் தானியங்கி ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று உறுதியில்லாததால் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிடுவார்கள். மின்சாரம் வந்ததும் பம்பு தானாக ஓடும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நம் ஊர்க் கிணற்றடியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். "இலவச மின்சாரத்தால் வீணடிக்கிறார்கள்" என்று ஏட்டில் எழுதுவது எளிது. விலை மட்டும் காரணம் இல்லை, நேரம் தெரியாத மின்சாரமும் காரணம் என்று அந்த ஸ்டார்ட்டர்தான் சொல்லித்தரும்.

அடுத்து, நீர்மட்டம் இறங்குவது திரும்பி வந்து யாரைத் தொடுகிறது? பழைய மையவிலக்கு பம்பு மேலிருந்து உறிஞ்சுவது; ஏழெட்டு மீட்டருக்குக் கீழே நீர் போனால் இழுக்காது. முதலில் குழி தோண்டிப் பம்பைக் கீழே இறக்கினார்கள். அதுவும் போதாமல் நீர்மூழ்கி பம்புக்கு மாறினார்கள். பெரிய குதிரைத்திறன், ஆழத் துளை, கடன். பணம் உள்ளவர் இன்னும் ஆழம் போகிறார். போகப் போக அக்கம்பக்கத்தின் மட்டம் இறங்குகிறது. இல்லாதவர் நீரை விலைக்கு வாங்குகிறார் அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்ளும் பின்னூட்டச் சுழற்சி இது. கடன் கட்டவேண்டியவர், அரசு உறுதியாக வாங்கும் நெல்லைவிட்டு மக்காச்சோளத்துக்குப் போவாரா? மக்காச்சோளத்துக்கும் பாசிப்பயறுக்கும் ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். அந்த விலைக்கு வாங்கும் ஆள்தான் மண்டியில் இல்லை.

எங்கே நிறுத்துவது என்றால், ஒரு தொடர்பை அறுத்துவிட்டாலும் உங்கள் முடிவு மாறாது என்றால் அங்கே நிறுத்துங்கள். 2022 மார்ச் வெப்பம் கோதுமையைக் குறைத்தது, மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை, உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது என்பதால் மேற்கு ஆப்பிரிக்காவரை அதிர்ந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் உங்கள் கேள்வி ஒரு மாவட்டத்தில் மின்மானியத்தை மாற்றினால் நீர்மட்டம் என்னாகும் என்பதென்றால், உலக விலையை வெளியிலிருந்து வரும் எண்ணாக வைத்துக்கொள்ளலாம். கோதுமை விதைப்புத் தேதியை அப்படி வெளியே வைக்கமுடியாது. 2009-இல் வெளியே போனது அதுதான்.

---

கூலிக்கணக்கு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள், ஆனால் எனக்கு உறுத்துவது ஒன்று. எல்லாமே சுழற்சி என்றால் பொறுப்பு யாருக்கு? அமைப்பின் மேல் பழியைப் போட்டால் முடிவெடுத்த அமைச்சரவைக்கும், விதை விற்றவருக்கும், அரிசி ஆலைக்கும் பழி இல்லாமல் போய்விடுகிறது. தண்டனை மட்டும் உழவருக்கு வருகிறது. 2024 நவம்பரில் தாள் எரிப்புக்கான அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள். இரண்டு ஏக்கருக்குக் குறைவென்றால் 5,000 ரூபாய், ஐந்து ஏக்கருக்கு மேல் 30,000. தாளோடு சேர்த்தே விதைக்கும் ஹேப்பி சீடர் இயந்திரம் இருக்கிறதே என்கிறார்கள். அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும், ஆண்டில் சில வாரம்தான் வேலை, எல்லாருக்கும் அந்த வாரமே வேண்டும்.

---

வடவயல்

கூலிக்கணக்கு, நான் இதை நேர்மாறாகப் பார்க்கிறேன். சுழற்சியை வரையாதபோதுதான் கண்ணுக்குத் தெரியும் கடைசி ஆள்மேல் பழி விழுகிறது, தீக்குச்சி அவர் கையில் இருப்பதால். வரைந்து பார்த்தால் இந்த அமைப்பு எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் தெரியும். 1965-இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் தொடங்கப்பட்டபோது நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்தது. மத்தியத் தொகுப்பை நிரப்புவதே நோக்கம். அன்று அது உயிர்காத்த நோக்கம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பஞ்சாப் உழவர் நாடு கேட்டதைச் செய்தார். நோக்கம் மாறாமல் அபராதத்தை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும்? முறைமைச் சிந்தனை அறிஞர் டொனெல்லா மெடோஸ் 1999-இல் நெம்புமுனைகளை (தொட்டால் அமைப்பு மாறும் இடங்களை) வரிசைப்படுத்தியபோது வரி, மானியம் போன்ற எண்களை மிக வலுக்குறைந்த இடத்தில் வைத்தார்; அமைப்பின் நோக்கத்தை மேல்தட்டில் வைத்தார். நாமோ 2,500-ஐ 5,000 ஆக்குகிறோம்.

பொறுப்பு கொள்முதல் கொள்கையை முடிவு செய்கிறவர்களுடையது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

---

அளவுகோல்

எண்களை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2018-இல் பஞ்சாபில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். உழவருக்கு மாத மின் ஒதுக்கீடு. அதில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் கணக்கில் வரும். இலவசத்தைப் பறிக்காமல், நீருக்கு முதல்முறையாக ஒரு விலை. எண்தான், ஆனால் முடிவெடுப்பவருக்குப் புதிய தகவல் போகிறது. குறுகிய கால நெல்லும் அப்படியே. பூசா 44 முற்ற ஏறத்தாழ 160 நாள், பி.ஆர். 126 நான்கு மாதத்தில் முடிந்துவிடும். நோக்கம் மாறும்வரை காத்திருக்காமல் ஒரு மாதத்தை மீட்கலாம்.

---

வடவயல்

மீட்கலாம், மறுக்கவில்லை. மீட்ட ஒரு மாதத்தில் மூன்றாவது பயிர் வைத்தால் நீர் எங்கே போகும் என்பதையும் அதே கணக்கு மாதிரிக்குள் (model) போட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

---

புதுஏடு

இதுவரை பேசியதை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ஒரே மாவட்டம். நடுவில் நீர்மட்டம். மின்சாரம் வரும் நேரம், நெல் ரகம், நடவுத் தேதி, அறுவடை முதல் கோதுமை விதைப்பு வரையான நாட்கள், பம்புக்கடன் ஆகியவை உள்ளே. உலக விலையும் பருவமழையும் வெளியே. மாதிரியை 2009-க்கு முந்திய தரவில் கட்டி, பிந்திய ஆண்டுகளைச் சொல்கிறதா என்று சோதிப்பேன். சொல்லாவிட்டால் எந்தத் தொடர்பு பிழை என்று தேடுவேன்.

---

அளவுகோல்

கடைசி இரண்டு வரிக்காகவே உங்கள் ஆய்வேட்டைப் படிப்பேன். நடவுத் தேதி 2018-இல் ஜூன் 20-க்குப் போய் மறு ஆண்டே ஜூன் 13-க்குத் திரும்பியது. அதையும் ஒரு சோதனையாகப் பயன்படுத்துங்கள், விட்டுவிடாதீர்கள்.

---

திருவாரூர்க்காரன்

தங்கை, ஒன்றை உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள்: அறுவடை வண்டிக்கு உழவர் எத்தனை நாள் காத்திருக்கிறார். நீங்கள் கணக்கில் பத்தொன்பது நாள் என்று எழுதுவீர்கள். வண்டி வர ஒரு வாரம் ஆனால் அவர் கையில் இருப்பது பன்னிரண்டு.

---

வடவயல்

அதை எந்தத் தரவுத்தளத்திலும் தேடாதீர்கள், புதுஏடு. வண்டிக்காரர்களின் முன்பதிவு நோட்டில் இருக்கும். அறுவடை தொடங்கும் முன்பே போய் அவர்களைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி வயலில் இறங்கிய பிறகு உங்களோடு நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.